உயரத்துக்கு உடல் கேட்கும் தவணை

மானசரோவர் யாத்திரைக்குப் புறப்படும் குழுவொன்று சென்ற ஞாயிறு வெள்ளவத்தையில் கூடியபோது, மருத்துவ மாணவருக்கு உடற்றொழிலியல் கற்பித்தவன் என்பதால் என்னைப் பேச அழைத்தார்கள். பேச்சை விடத் துண்டுச் சீட்டில் வந்த கேள்விகளே சுவையாக இருந்தன. சிலவற்றுக்கான பதில்கள் இங்கே.

மேலே ஒட்சிசன் குறைவு என்கிறார்களே, எவ்வளவு குறைவு? (கொட்டாஞ்சேனை அம்மா ஒருவர்)

வீதத்தில் குறைவே இல்லை, அம்மா. காலிமுகத்திடலிலும் கயிலையைச் சுற்றும் வழியிலுள்ள டோல்மா லா கணவாயிலும் காற்றில் ஒட்சிசன் ஏறத்தாழ 21 வீதம்தான். குறைவது அமுக்கம். 5,600 மீற்றருக்கு மேலுள்ள அந்தக் கணவாயில் அமுக்கம் கொழும்பில் உள்ளதில் பாதியளவே. நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் பாதிதான் கிடைக்கும்.

தினமும் ஓடுகிறேன். சிவனொளிபாதமலையில் மூன்று முறை ஏறியிருக்கிறேன். எனக்குமா மலைநோய் வரும்? (பம்பலப்பிட்டி இளைஞர்)

வரும், தம்பி. உயரத்தில் ஒட்சிசன் போதாமல் தலைவலி, குமட்டல் என்று தொடங்குவதுதான் மலைநோய். உங்களைப் போன்றவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் கவலை.

சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். மெக்சிக்கோ நகரமும் ஏறத்தாழ அதே உயரம். 1968இல் அங்கு ஒலிம்பிக் என்று முடிவானதும் கிரிஃபித் பியூ என்ற பிரித்தானிய உடற்றொழிலியலாளர் 1965இலேயே ஓட்டவீரர் சிலரை அங்கு கூட்டிச்சென்று அளந்து பார்த்தார். நான்கு வாரம் தங்கிய பின்னும் நீண்ட ஓட்டங்களில் கடல்மட்டத்து வேகம் திரும்பவில்லை. போட்டியிலும் அப்படியே நடந்தது. 10,000 மீற்றரில் உலக சாதனையை வைத்திருந்த ஆஸ்திரேலியர் ரொன் கிளார்க் ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். வென்றவர் கென்ய மேட்டுநிலத்தவரான நஃப்தாலி தெமு.

எவரெஸ்ட் உச்சி முதன்முதலாக எட்டப்பட்ட 1953ஆம் ஆண்டுப் பயணத்திலும் பியூ இருந்தார். ஒட்சிசன் எவ்வளவு வேண்டும், நாளுக்கு எத்தனை லீற்றர் நீர் குடிக்கவேண்டும் என்று கணக்குப் பார்த்தவர் அவர். பிறகு 1960–61 குளிர்காலத்தில் 5,800 மீற்றரில் ஒரு சிறு குடில் அமைத்து, அதில் ஆய்வாளர்களை மாதக்கணக்கில் தங்கவைத்தார். உடல் பழகிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார்கள், ஆனால் எடை குறைந்துகொண்டே போனது. பழகுவதற்கும் ஓர் எல்லை உண்டு என்று அந்தக் குடில் காட்டியது.

மானசரோவர் 4,590 மீற்றர். சிவனொளிபாதத்தைப் போல இருமடங்கு. உடற்பயிற்சி மலைநோயைத் தடுக்காது. பயிற்சி உள்ளவர் வேகமாக ஏறிவிடுவதால் நோயும் முந்திக்கொள்ளும். நாற்பது வயதில் லாசாவில் என் பெட்டியை நானே படியேற்றிவிட்டு, இரண்டு நாள் தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அந்தக் கதையை மாணவர்களிடம் சொன்னதில்லை.

பரீட்சை மண்டபத்தில் நெஞ்சு படபடத்து விரல் விறைக்கிறது. மலையில் நடப்பதும் இதுதானா? (உயர்தர மாணவி)

பாதி இதுதான், மகள். எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், ஓடவிட்டுக் களைக்கவைத்தாலும் உடலுக்குள் ஒரே விளைவுதான் என்று 1936இல் ஹான்ஸ் செலி என்ற ஆய்வாளர் எழுதினார். சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பி பெருக்கும், நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பி சுருங்கும், இரைப்பையில் புண் வரும். மன அழுத்தம் பற்றிய ஆய்வு பெரும்பாலும் அங்கிருந்து கிளைத்தது.

மற்றப் பாதி வேறு. மலையில் கழுத்துத் தமனி பிரியுமிடத்திலுள்ள சிறு உணரி ஒட்சிசன் குறைவதை அறிந்து வேகமாக மூச்சுவிடச் சொல்கிறது. மண்டபத்தில் ஒட்சிசனுக்குக் குறைவில்லை, பயம்தான் அப்படிச் சொல்கிறது. இரண்டிலும் காபனீரொட்சைட்டு அளவுக்கு மீறி வெளியேறுவதால் விரல் விறைக்கும். உங்களுக்கு மருந்து, மெதுவாக மூச்சை வெளியே விடுவது.

மலையேறுபவருக்கோ அந்த வேக மூச்சு தேவை. ஆனால் காபனீரொட்சைட்டு குறைந்தால் இரத்தத்தில் அமிலம் குறைந்து காரத்தன்மை கூடி மூச்சுக்குத் தடை போடும். அதனால்தான் கூடாரத்தில் தூங்குபவரின் மூச்சு நின்று நின்று வருகிறது. சிறுநீரகம் அந்தக் காரத்தை வெளியேற்றச் சில நாள் எடுக்கும். அடிக்கடி சிறுநீர் போனால் கவலைப்படாதீர்கள். உடல் வேலை செய்கிறது.

எத்தனை நாள் பொறுக்கவேண்டும்?

3,000 மீற்றருக்கு மேல், முந்திய இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீற்றருக்கு மேல் உயர்ந்து தூங்கவேண்டாம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு. ஒட்சிசனைச் சுமக்கும் செங்குருதிக் கலம் பெருக வாரங்கள் ஆகும், அதை நம்பிப் புறப்படாதீர்கள்.

பார்மசியில் மாத்திரை வாங்கலாமா? (தெஹிவளை)

மலைநோய்க்குக் கொடுக்கும் அசெட்டசோலமைட் என்ற மாத்திரை, சிறுநீரகம் காரத்தை வெளியேற்றும் அந்த வேலையை விரைவாக்கும். வைத்தியரைக் கேட்டே எடுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர் அதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

எப்போது திரும்பவேண்டும்?

தலைவலியும் குமட்டலும் வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சுக் குழம்பினாலோ உடனே கீழே இறங்குங்கள், இரவானாலும். சாமி கோபிக்கமாட்டார்.

கற்பூரத்தை முகர்ந்தால் சரியாகும் என்கிறார்களே?

மூக்கு குளிரும், ஒட்சிசன் ஏறாது. வாயில் போட்டுவிடாதீர்கள், அது நஞ்சு. ஆரத்திக்குக் கொண்டுபோங்கள்.