சூடு வைத்த பிறகு கருவி எதற்கு?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. புருகாடா நோய் என்று சொல்லி ஐ.சி.டி. கருவி வைத்திருக்கிறார்கள். இந்த வருடம் இரண்டு முறை தூக்கத்தில் ஷாக் அடித்துவிட்டது. இப்போது 'அப்லேஷன்' செய்யலாம் என்கிறார் டாக்டர். செய்தபின் கருவியை எடுத்துவிடலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: புருகாடா என்பது இதயத்தின் மின்சாரக் கோளாறு; திடீரென்று துடிப்பு தாறுமாறாகும். அப்லேஷன் என்பது கோளாறான இடத்துக்குச் சூடு வைப்பது; செய்யலாம். கருவியை எடுக்க வேண்டாம்.

உடம்புக்குள் வைக்கும் இந்த ஐ.சி.டி. கருவி தாறுமாறான துடிப்பை ஷாக் கொடுத்து அடக்குமே தவிர, வராமல் தடுக்காது. ஷாக் வாங்கியவர்கள் என்னிடம் சொல்வது, "டாக்டர், அன்னியிலிருந்து படுக்கவே பயமா இருக்கு" என்பதுதான்.

தாய்லாந்தின் வடகிழக்கில், திடகாத்திரமான ஆண்கள் தூக்கத்திலேயே இறப்பதை 'லாய் தாய்' என்பார்கள். அதுவும் பெரும்பாலும் இந்த நோய்தான். விதவைப் பேய் கொண்டுபோகிறது என்று பயந்து, பெண் உடை உடுத்திப் படுத்த ஆண்களும் உண்டு. அந்தப் பேயின் இருப்பிடத்தை பாங்காக்கில் இதய மருத்துவர் நடேமனி குழுவினர் கண்டுபிடித்து 2011இல் எழுதினார்கள். நுரையீரலுக்கு ரத்தம் புறப்படும் வாசலில், இதயத்தின் வெளிப்பக்கச் சுவரில், மின்சாரம் தாமதமாகவும் துண்டுதுண்டாகவும் ஓடும் ஒரு திட்டு. வழக்கமான அப்லேஷன் போலத் தொடை ரத்தக்குழாய் வழியாக உள்ளே போனால் அது எட்டாது. நெஞ்செலும்பின் அடியில் ஊசி போட்டு, இதய உறைக்குள் நுழைந்து சூடு வைத்தார்கள். 9 பேரில் 8 பேருக்கு ஈ.சி.ஜி. சீரானது. எனக்கும் வியப்புதான். ஆனால் 9 பேர், 9 பேர்தானே!

2023இல் 159 பேரின் பதிவு வந்தது. ஒரே தடவையில் 81 சதவீதம் பேருக்கு அந்தத் துடிப்பு திரும்பவில்லை. தேவைப்பட்டவர்களுக்கு மறுபடி செய்தபின் 96. பின்தொடர்ந்த காலம் சராசரியாக 4 வருடம். உங்கள் தம்பிக்கு இன்னும் 40 வருடமாவது வேண்டாமா? குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் சோதித்தபோதும், சூடு வைத்தவர்கள், வைக்காதவர்கள் இரு பக்கத்துக்கும் கருவி இருந்தது. காவலும் அதுதான், சாட்சியும் அதுதான்: ராத்திரி என்ன நடந்தது என்று அது எழுதி வைக்காவிட்டால், சிகிச்சை பலித்ததா என்று யாருக்குத் தெரியும்?

இந்த ஊசி வேலையில் கைப்பழக்கம் முக்கியம். எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் உடனே பாரசிட்டமால். காய்ச்சலிலும் இந்த நோய் தலைதூக்கும்.

ஆமாம், இது பரம்பரையாக வருவது. கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, நீங்கள் ஈ.சி.ஜி. எடுத்தீர்களா? எடுக்கும்போது, நெஞ்சு லீடுகளை ஒரு விலா மேலே வைத்தும் ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள்.