அன்புக்குரியவர் விசுவாசத்துக்கு வரவேண்டும் என்று பல வருடங்களாக ஜெபிக்கிறேன், ஒரு மாற்றமும் இல்லை. பொறுமையாக இருப்பது எப்படி?

கேள்வியைப் படித்ததும், நீங்கள் கணவருக்காகவோ பெற்றோருக்காகவோ ஜெபிக்கிறீர்கள் என்றும், அவர் உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறார் என்றும் எண்ணிக்கொண்டேன். தூரத்தில் இருப்பவருக்காகப் பொறுமையோடு ஜெபிப்பது அவ்வளவு கடினமில்லை. அதிகாலையில் யாருக்காக முழங்காலில் நின்று கண்ணீர் விட்டோமோ அவரே, சற்று நேரத்தில் எதிரே உட்கார்ந்து செய்தித்தாளை விரிக்கும்போதுதான் பொறுமை சோதிக்கப்படுகிறது.

நான் ஜெபிப்பது என் அப்பாவுக்காக. அவர் கடவுளை மறுக்கிறவர் அல்லர்; அந்தப் பேச்சே தமக்குத் தேவையில்லை என்று இருப்பவர். இன்றுவரை விசுவாசத்துக்கு வரவில்லை. ஆகவே வெற்றிச் சாட்சியை எதிர்பார்ப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் பதில் பெற்றவர்களே எழுந்து நிற்கிறார்கள். காத்திருப்பவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இப்படிக் காத்திருப்பவர்களிடம் எல்லோரும் தவறாமல் சொல்வது, பிற்காலத்தில் திருச்சபையின் பெரும் போதகரான தம் மகன் அகஸ்டினுக்காகக் கண்ணீரோடு மன்றாடிய மோனிக்காவின் கதை. இத்தனை கண்ணீருக்குரிய பிள்ளை கெட்டுப்போக முடியாது என்று ஓர் ஆயர் அவருக்கு ஆறுதல் சொன்னதையும் சேர்த்துச் சொல்வார்கள். அதே ஆயர் அதற்குச் சற்று முன்பு, மகனிடம் வாதிட மறுத்து, அவனை அவன் போக்கில் விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் செய், வாசிக்க வாசிக்கத் தானே உணர்ந்துகொள்வான் என்று கூறியதை மட்டும் ஏனோ விட்டுவிடுவார்கள். எனக்குப் பெரிதும் உதவியது அதற்குப் பிந்தைய நிகழ்ச்சி. 383ஆம் ஆண்டு அகஸ்டின் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரிலிருந்து ரோமுக்குப் புறப்பட்டபோது, தாயிடம் பொய் சொல்லி, அவர் துறைமுகத்தின் அருகே வேதசாட்சி சிப்ரியனின் நினைவாலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த இரவில், சொல்லாமல் கப்பலேறிவிட்டார். மகன் போய்விடக் கூடாது என்பதே அன்றிரவு மோனிக்காவின் ஜெபம். அது கேட்கப்படவில்லை. ஆனால் அந்தப் பயணம்தான் அகஸ்டினை ரோம் வழியாக மிலானுக்கும், ஆயர் அம்புரோசின் பிரசங்கங்களுக்கும் கொண்டு சேர்த்தது. 387ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவின்போது அம்புரோசின் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றார். தாய் எப்போதும் கேட்டுவந்ததைக் கொடுப்பதற்காகவே அன்றிரவு கேட்டதை இறைவன் கொடுக்கவில்லை என்று அகஸ்டினே பின்னாளில் எழுதியிருக்கிறார். மறுநாள் காலை கரையில் கதறிய மோனிக்காவுக்கு இது எதுவும் தெரியாது. நீங்களும் நானும் இப்போது நிற்பது அந்தக் கரையில்தான்.

அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் வரும் ‘நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்’ என்ற வசனத்தை வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொள்ளும்படி உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். என்னிடம் சொன்ன ஒரு மூத்த விசுவாசி, அது இன்னும் நிறைவேறாததற்கு என் விசுவாசக் குறைவே காரணம் என்றும் சேர்த்துச் சொன்னார். வசனத்தின் மேல் எனக்கு மதிப்பு இல்லை என்று யாரும் கிளம்பிவர வேண்டாம். பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காவலனுக்குச் சொல்லப்பட்ட அந்த வார்த்தையைத் தொடர்ந்து, அவன் வீட்டில் இருந்த அனைவருக்கும் வசனம் போதிக்கப்பட்டதாகவும், வீட்டார் அனைவரும் அவனோடு விசுவாசித்ததாகவும் அதே அதிகாரம் கூறுகிறது. மகளின் விசுவாசம் தகப்பனின் கணக்கில் வரவு வைக்கப்படும் என்று எங்கும் இல்லை. இயேசுவின் சகோதரர்களே அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர் யாருடைய குறைவினால் சொந்தச் சகோதரர்களுக்காகக் காத்திருந்தார்?

அப்பாவுக்குக் கிழிந்த புத்தகத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. என் வேதாகமத்தின் முதுகு விட்டுப்போய், நிருபங்கள் தனித்தனித் தாள்களாகக் கழன்று வந்தபோது, அவரே வாங்கி, பக்க எண் பார்த்து அடுக்கி, நூல் கோத்துத் தைத்து, துணிப்பட்டை ஒட்டி, பாரம் வைத்துக் காயவிட்டுக் கொடுத்தார். எபிரெயர் நிருபத்தின் ஒரு தாள் மட்டும் காணவில்லை, தேடிப் பார் என்றார். ஒரு தோழியிடம் இதைச் சாதாரணமாகச் சொன்னேன். மாலைக்குள் ஜெபக் குழுவின் வாட்ஸ்அப்பில், அப்பாவின் பெயரோடும் அவருடைய உடல்நிலை விவரங்களோடும், ‘கர்த்தர் கிரியை செய்யத் தொடங்கிவிட்டார், வேதத்தைக் கையில் எடுத்துவிட்டார்’ என்ற செய்தி பரவிவிட்டது. அவர் கையில் பழைய அகராதி கிடைத்திருந்தாலும் அதே அக்கறையோடுதான் தைத்திருப்பார். நம்மை நம்பி ஒரே கூரையின்கீழ் வாழும் ஒருவருடைய அசைவுகளை எல்லாம் அடையாளங்களாக எண்ணி ஊருக்கு அறிவிப்பதைப் போலப் பொறுமையைக் கெடுப்பது வேறில்லை. ஜெபிக்கக் கேட்பதாக இருந்தால் வாய் காக்கத் தெரிந்த ஓரிருவரிடம் மட்டும் கேளுங்கள்.

யாருக்காக ஜெபிக்கிறீர்களோ அவர் காதில் விழும்படி ஜெபிக்காதீர்கள் என்பதையும் வலியுறுத்திச் சொல்வேன். ‘ஆண்டவரே, இந்த வீட்டில் இருக்கிற கடின இருதயத்தை உடையும்’ என்று அடுத்த அறைக்குக் கேட்கும் குரலில் சொல்வது ஆண்டவரிடம் பேசுவதாகாது, வீட்டில் இருப்பவரைக் குத்திக் காட்டுவதாகும்.

மதமாற்ற வேலை என்று முகம் சுளிப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். என் ஜெபம் அப்பாவுக்குத் தெரியாமல் நடப்பதல்ல. அவருக்காக ஜெபிக்கிறேன் என்பதையும், என்ன வேண்டிக்கொள்கிறேன் என்பதையும் அவரிடம் நேரடியாகச் சொல்லியிருக்கிறேன். “தெரியும்மா, பண்ணு. அப்படியே என் முழங்கால் வலியையும் சேர்த்துக்கோ” என்றார். அன்றிலிருந்து அதையும் சேர்த்தே ஜெபிக்கிறேன். அவருடைய தூக்கத்துக்காகவும், பேச ஆளில்லாத பிற்பகல்களுக்காகவும் ஜெபிக்கிறேன். ஒரே விண்ணப்பத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தபோது வந்த சலிப்பு, இப்படி முழு மனிதருக்காக ஜெபிக்கும்போது வருவதில்லை. முழங்கால் வலி இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. புது மாத்திரைதான் காரணம் என்கிறார், நான் வாதாடவில்லை.