கணுக்கால் சுளுக்கு: இயன்முறை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: நேற்று கபடி ஆடும்போது பாதம் உட்பக்கமாக மடங்கி, வெளிக்கணு முட்டையளவு வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுக்கத்தான் வேண்டுமா, ஐயா?

பதில்: வீக்கத்தின் அளவை மட்டும் வைத்து எலும்பு முறிவை முடிவு செய்ய இயலாது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்ட விதிகளைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். கணுவின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் பின்விளிம்பை, கீழ்நுனியிலிருந்து 6 செ.மீ. உயரம் வரை விரல்நுனியால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். அந்த எலும்பின் மீதே வலித்தாலும், பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே தட்டுப்படும் எலும்பு முனையிலோ உட்பக்க வளைவின் மேட்டிலோ அழுத்தும்போது வலித்தாலும் படம் எடுக்க வேண்டும். அடிபட்ட உடனேயும், பரிசோதனையின்போதும் நான்கு அடி நடக்க முடியாமற்போனாலும் அப்படியே. நொண்டியபடி நடந்தாலும் அது நடந்ததாகவே கணக்கு. இவற்றில் எதுவும் இல்லையென்றால் முறிவுக்கான வாய்ப்பு மிகக் குறைவு. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு வலியை நம்ப முடியாது என்பதால், அவர்கள் தயங்காமல் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: சுளுக்கு எடுப்பவரிடம் சென்று எண்ணெய் போட்டு உருவிக்கொள்ளச் சொல்கிறார் என் மாமியார். செய்யலாமா?

பதில்: முதல் சில நாட்களுக்கு வேண்டாம், அம்மா. அங்கே நரம்பு எதுவும் பிசகிக் கிடக்கவில்லை. வெளிக்கணுவின் முன்புறத்திலிருந்து பாதத்துக்குச் செல்லும் தசைநார் இழுபட்டோ கிழிந்தோ இரத்தம் கசிந்திருக்கிறது. அதை அழுத்தி உருவினால் கசிவு கூடும். விரல்களின் அடியிலிருந்து மேல்நோக்கிக் கிரேப் பேண்டேஜ் சுற்றி, படுத்திருக்கும்போது காலை நெஞ்சைவிட உயரமாகத் தலையணையில் வையுங்கள். வலி குறைய, துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சுமார் 15 நிமிடம் வைக்கலாம்.

கேள்வி: தசைநார் முழுதும் அறுந்துவிட்டதா என்பது எப்போது தெரியும்?

பதில்: நான்கைந்து நாள் கழித்து. வீக்கமும் வலியும் உச்சத்தில் இருக்கும்போது தசைகள் விறைத்துக்கொள்வதால், குதிகாலை முன்னோக்கி இழுத்துப் பார்க்கும் சோதனை சரியாகப் புலப்படாது. முழுதும் அறுந்திருந்தாலும் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவதில்லை.

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. பெரியவர்களுக்குப் போலத்தானா?

பதில்: வளரும் எலும்பின் முனையில், எலும்பை நீளச் செய்யும் குருத்தெலும்பு அடுக்கான வளர்ச்சித் தட்டு உண்டு; அதுவும் அடிபட்டிருக்கலாம் என்பதால், கணு எலும்பின் மீது வலியிருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஒன்றரை ஆண்டில் மூன்று முறை அதே கால் மடங்கிவிட்டது. வலி பத்து நாளில் போய்விடுகிறது. பிறகு ஏன் திரும்பத் திரும்ப?

பதில்: வலி போனதும் சிகிச்சையை நிறுத்திவிடுவதுதான் காரணமாக இருக்கக்கூடும், நான் மிகவும் வருந்துவதும் இதற்காகத்தான். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை உணர்த்தும் நரம்பு முனைகள் தசைநாரிலும் மூட்டுறையிலும் இருக்கின்றன. அவை சேதமடைவதே கால் 'விட்டுப்போவதற்கு' அடிப்படை என்று பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் ஃப்ரீமனும் அவருடைய சகாக்களும் 1965-லேயே எழுதி, சமநிலைப் பயிற்சியை வலியுறுத்தினார்கள். வெறுங்காலுடன் அந்த ஒரு காலில் மட்டும் நின்று, கண்ணை மூடிப் பாருங்கள்: பாதத்தின் மேல் தசைநாண்கள் வீணைத் தந்திபோல் துடிக்கும், உடல் சாயும். நல்ல காலோடு ஒப்பிட்டால் குறை உங்களுக்கே விளங்கும். முதலில் சுவர் அருகே கண் திறந்தபடி 30 வினாடி நில்லுங்கள். அது எளிதானதும் கண்ணை மூடியும், பின்னர் மடித்த போர்வையின் மேலும் நின்று பழகுங்கள். பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும் தசைகளுக்கு ரப்பர் பட்டையால் பயிற்சி கொடுங்கள். ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைச் சில வாரங்களாவது விடாமல் செய்ய வேண்டும்.

கேள்வி: மீண்டும் களத்தில் எப்போது இறங்கலாம்?

பதில்: நாட்காட்டியைப் பார்த்துச் சொல்ல மாட்டேன். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடும்போது பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரம் இரு கால்களிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அடிபட்ட அந்த ஒற்றைக்காலில் பக்கவாட்டில் தாவி, தடுமாறாமல் நிற்கவும், ஓடும்போதே சட்டென்று திரும்பவும் பயமின்றி முடிய வேண்டும். அதன் பிறகும் முதல் ஆட்டப் பருவம் முழுதும் கணுக்கால் பிரேஸ் (கணுவைத் தாங்கும் உறை) அணிந்தே ஆடுங்கள்.