பிள்ளைகளை வரையச் சொல்வதற்கு முன்

வாசகர் கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கும் இருபது வயதுப் பெண் நான். சித்திரக்கதை வரைவதில் சிறுவயது முதலே ஈடுபாடு உண்டு. சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன். பிள்ளைகள் வீட்டில் அடிபடுவதையும் வேறு விதங்களில் துன்புறுத்தப்படுவதையும் கேள்விப்படும்போதெல்லாம் மனம் ஆறவில்லை. ‘நான் கண்ட வன்முறை’ என்ற தலைப்பில் அவர்களுக்கு ஓவியப் போட்டி வைத்து, குழந்தைப் பாதுகாப்பு வாரத்தில் படங்களை மண்டபத்தில் காட்சிக்கு வைக்க விரும்புகிறேன். கோயில் நிர்வாகத்திலுள்ள பெரியவர்கள், “வீட்டு விஷயத்தை இங்கே கொண்டுவராதே” என்கிறார்கள். “நீ படம் போட்டால் அடி நின்றுவிடுமா?” என்று அம்மா கேட்கிறார். ஓவியத்தை விட்டுவிட்டுச் சமூகப்பணி படிக்கப் போவதுதான் சரியா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் நோக்கத்தோடு எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் அந்தப் போட்டியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. முந்தின நாள் இரவு வீட்டில் நடந்ததை ஒரு சிறுவன் அப்படியே வரைந்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் சுவரில் தொங்குகிறது, சொந்தக்காரர்கள் வந்து பார்க்கிறார்கள், அவனை அடித்தவரும் வந்து அதன்முன் நிற்கிறார். அன்று மாலை அந்தச் சிறுவன் திரும்பிப் போகவேண்டியது அதே வீட்டுக்குத்தான். போட்டி என்றால் பரிசும் உண்டு. யாருடைய துன்பம் முதல் பரிசுக்கு உரியது என்று நீங்கள் எப்படித் தீர்மானிப்பீர்கள்? பிள்ளையின் காயத்தை வெளியே கொண்டுவரும் திறமை உங்களிடம் இருக்கிறது என்றே நம்புகிறேன். ஆனால் வெளியே வந்தபின் அந்தப் பிள்ளையைக் காப்பதற்கான ஏற்பாடு முதலில் தயாராக இருக்கவேண்டும்.

போட்டி வைக்காவிட்டாலும், ஓவிய வகுப்பில் என்றாவது ஒரு நாள் ஒரு பிள்ளை உங்களிடம் சொல்லத்தான் போகிறது. அப்போது குறுக்கிடாமல் கேளுங்கள். ‘உன் மாமாதானே செய்தார்?’ என்பது போல விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதீர்கள். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் அதை உங்களால் காப்பாற்ற இயலாது. பிள்ளை சொன்னதை அதன் சொற்களிலேயே தேதியோடு எழுதி, வரைந்த தாளையும் பத்திரப்படுத்துங்கள். சம்பந்தப்பட்டவரிடம் நீங்களே போய் நியாயம் கேட்பது, எவ்வளவு கோபம் வந்தாலும், கூடாது. அதன் விளைவு பிள்ளையின் மேல்தான் விழும்.

நம் நாட்டின் 2005ஆம் ஆண்டின் 38ஆம் எண் குழந்தைகள் சட்டம், 110ஆம் பிரிவில், ஒரு பிள்ளை உடலில் காயம் உண்டாகும்படி கொடுமைப்படுத்தப்பட்டிருக்கிறது என்றோ, பாலியல் கொடுமைக்கு உள்ளாகியிருக்கிறது என்றோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விடப்பட்டிருக்கிறது என்றோ தக்க காரணத்தோடு முடிவுக்கு வரும் ஆசிரியர்கள், மருத்துவர்கள், சமயத் தலைவர்கள் போன்றோர் அதைத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. பிள்ளைக்குப் பாதுகாப்புத் தேவை என்று தக்க காரணத்தோடு நம்பும் எவரும் தெரிவிக்கலாம் என்றும் அதே பிரிவு இடம் தருகிறது. பாலியல் குற்றம் என்றால் சட்டம் இன்னும் கடுமையானது: 2007ஆம் ஆண்டின் 32ஆம் எண் சட்டப்படி, பிள்ளைக்கு எதிராக அப்படிப்பட்ட குற்றம் நடந்தது தெரிந்த ஒவ்வொருவரும் உடனடியாகக் காவல்துறைக்குச் சொல்லவேண்டும், சொல்லாமல் மறைப்பதே குற்றம். பிள்ளைகளுக்கு உதவும் சைல்ட்லைன் அமைப்பை 116 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். உங்கள் ஊரிலேயே ஆர்.கே. கான் மருத்துவமனையில் துதுசேலா மையம் இருக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவர் இடத்துக்கு இடம் அலையாமல், மருத்துவப் பரிசோதனை, வாக்குமூலம், மனநல உதவி ஆகியவற்றை ஒரே இடத்தில் பெறுவதற்காக ஏற்பட்ட மையம் அது. இந்த விவரங்களை மண்டபச் சுவரில் எழுதி ஒட்டுவதை உங்கள் முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் தூரிகைக்கு வருவோம். அதைப் பிள்ளைகளின் பக்கமிருந்து பெரியவர்களின் பக்கம் திருப்புங்கள் என்பதே என் வேண்டுகோள். வன்முறையை நிறுத்தவேண்டியவர்கள் பெரியவர்கள். தன் நிலையை வரைந்து காட்டி இரக்கம் தேடும் பொறுப்பைப் பிள்ளையின் தலையில் நாம் சுமத்தக்கூடாது.

‘அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டார்கள்’ என்று சொல்லிச் சொல்லியே நம் வீடுகளில் தலைமுறைகள் வளர்ந்திருக்கின்றன. அதைச் சொன்ன ஆயாவும் தாத்தாவும் கொடியவர்கள் அல்லர். அவர்களுக்குத் தெரிந்த வளர்ப்பு முறை அதுதான். ஆனால் பள்ளிக்கூடத்தில் பிரம்படி 1996ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தடை செய்யப்பட்டுவிட்டது. ‘நியாயமான, மிதமான’ அடி என்று பெற்றோர் சொல்லிவந்த சட்டத் தற்காப்பையும் அரசியலமைப்பு நீதிமன்றம் 2019 செப்டம்பர் 18 அன்று நீக்கிவிட்டது. இந்தச் செய்தி நம் வீடுகளில் எத்தனை பேருக்கு விளங்கும்படி சொல்லப்பட்டிருக்கிறது? தீர்ப்பின் நகலைக் கையில் கொடுத்தால் ஒரு தாத்தா படிக்கமாட்டார். அதையே எட்டுக் கட்டங்களில் ஒரு சித்திரக்கதையாகக் கொடுத்தால் கடைசிக் கட்டம் வரை பார்ப்பார். பேரன் கண்ணாடியை உடைத்துவிடுகிறான், பெரியவரின் கை ஓங்குகிறது, பிறகு அந்தக் கை என்ன செய்கிறது என்பதை வரையுங்கள். ‘அடிக்காதே’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் களைத்து வீடு திரும்பும் தகப்பனுக்கு வழி தெரியாது. அந்த நேரத்தில் அவர் வேறு என்ன செய்யலாம் என்று காட்டுவதில்தான் உங்கள் கலைக்கு வேலை இருக்கிறது.

நிர்வாகத்துப் பெரியவர்களிடம் நம் சொந்த வரலாற்றையே எடுத்துச் சொல்லலாம். நேட்டால் கரும்புத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பிய நம் முன்னோர் தாங்கள் நடத்தப்பட்ட விதம் பற்றி முறையிட்டார்கள்; அதனால்தான் அந்தக் குறைகளை விசாரிக்க 1872இல் கூலி ஆணையம் அமைக்கப்பட்டது. கசையடி பற்றிய குறைகளும் அங்கே பேசப்பட்டன. ‘எங்களை அடிக்க உங்களுக்கு உரிமை இல்லை’ என்று முறையிட்டவர்களின் வழிவந்த நாம், பிள்ளையின் மேல் ஓங்கிய கையை வீட்டு விஷயம் என்று நியாயப்படுத்தலாமா? இதைப் பணிவோடு கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அவர்களிடம் இன்னொன்றும் கேளுங்கள். பிள்ளைகளோடு பணிபுரியத் தகுதியற்றவர் என்று அறிவிக்கப்பட்டவர்களின் பெயர்கள் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் ‘பி’ பகுதியில் உள்ளன. பாட்டு, நடனம், ஓவியம் கற்பிக்கும் எல்லோருடைய பெயரும் அந்தப் பதிவேட்டில் சரிபார்க்கப்படட்டும். உங்கள் பெயரை முதலில் கொடுங்கள். அப்போது மற்றவர்களுக்கு மறுக்கக் காரணம் இருக்காது.

இரண்டாவது சித்திரக்கதை ஒன்றும் அவசியம். 116ஐ அழைத்தால் என்ன ஆகும் என்பதைப் படிப்படியாக வரையுங்கள். ‘பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்’ என்ற பயத்தால் வாய் மூடிக்கொள்ளும் பாட்டிகள் நம்மிடையே நிறைய. சைல்ட்லைன் ஆலோசகர்களிடம் நேரில் கேட்டு, அவர்கள் சொன்னபடி மட்டும் வரையுங்கள், கற்பனை கலக்காதீர்கள். இளையவர்கள் ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள், பக்கத்துத் தெருவில் ஜூலு பேசுகிறார்கள்; ஆகவே சொற்களைக் குறைத்துப் படமே பேசும்படி அமையுங்கள்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். படத்தால் மட்டும் அடி நிற்காது, அவர் சொல்வது சரிதான். ஆனால் பிள்ளைகளுக்கு எதிரான வன்முறையை ஒழிக்க உலக சுகாதார நிறுவனம் பிற அமைப்புகளோடு சேர்ந்து 2016இல் முன்வைத்த ஏழு வழிமுறைகளில், சட்டத்தை நடைமுறைப்படுத்துவதோடு, ஊர் வழக்கத்தையும் நம்பிக்கையையும் மாற்றுவதும் பெற்றோருக்குத் துணை நிற்பதும் தனித்தனி வழிமுறைகளாக இடம்பெற்றுள்ளன. ஊர் வழக்கத்தை மாற்றுவதில் கதை சொல்லத் தெரிந்தவருக்குப் பங்கு உண்டு. அம்மாவையே உங்கள் சித்திரக்கதையின் முதல் வாசகராக்குங்கள். அவர் எந்தக் கட்டத்தில் முகம் சுளிக்கிறார் என்று பார்த்துத் திருத்துங்கள்.

சமூகப்பணி படிக்க உங்களுக்கு உள்ளபடியே விருப்பம் இருந்தால் படியுங்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் அது நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. அதற்காக ஓவியத்தைக் கைவிடவேண்டிய தேவை எதுவும் இல்லை. சனிக்கிழமை வகுப்பையும் நிறுத்தாதீர்கள். அங்கே பிள்ளைகள் பூவையும் யானையையும் மனம்போல வரையட்டும். குழந்தைப் பாதுகாப்பு வாரம் மே மாதக் கடைசியில் வருகிறது. அதற்குள் முதல் கதையை முடித்துவிட்டால் ஒரு பிரதியை எங்கள் இதழுக்கும் அனுப்பிவையுங்கள்.