கலாத்தியாவின் இலை ஓரம் ஏன் கருகுகிறது?

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். வரவேற்பறையில் வைத்துள்ள கலாத்தியா என்ற அழகுச்செடியின் இலை ஓரங்கள் பழுப்பேறிக் கருகுகின்றன. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் அதையே ஊற்றி வருகிறோம். அளவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாயிற்று. உரம் போடலாமா?

பதில்: உரம் இப்போது வேண்டாம். தாங்கள் ஊற்றும் தண்ணீரையே முதலில் மாற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள உப்பை வடிகட்டி ஒதுக்குவதுதான் ஆர்.ஓ. இயந்திரத்தின் வேலை என்பதால், அது வெளியேற்றும் கழிவுநீரில் மூல நீரைவிட உப்பு கூடுதலாகவே இருக்கும். தென் அமெரிக்க மழைக்காடுகளில், பெருமரங்களின் நிழலில், ஓயாத மழை கழுவிய மண்ணில் வளரும் இனம் கலாத்தியா. அந்த உப்பை அதனால் தாங்க முடியாது. வேர் உறிஞ்சும் நீருடன் இலையின் விளிம்புவரை செல்லும் உப்பு, நீர் ஆவியான பிறகு அங்கேயே தங்கித் திசுக்களைக் கருக்கிவிடுகிறது. நுனியும் ஓரமும் முதலில் பாதிக்கப்படுவது அதனால்தான். வெறும் தண்ணீர்க் குறைவாக இருந்தால் இலை குழல்போலச் சுருண்டு, நீர் ஊற்றியதும் விரியும்; தண்ணீர் மிகுந்தால் அடியிலைகள் முழுவதுமாக மஞ்சளாகும்.

தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெண்மையாகப் பொரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேல்மண்ணை மெல்லச் சுரண்டி எடுத்துவிடுங்கள். பிறகு, தொட்டியின் கொள்ளளவைப் போல் மூன்று நான்கு மடங்கு மழைநீரையோ, குடிப்பதற்கான ஆர்.ஓ. நீரையோ நிதானமாக ஊற்றி, அடித்துளை வழியே முழுவதும் வடியவிட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். அன்றாடத் தேவைக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்தாலே போதும். அதில் உப்பு மிகக் குறைவு. குழாய்த் தண்ணீரைப் பிடித்து இரவு முழுவதும் மூடாமல் வைத்தால் குளோரின் போகுமே தவிர, உப்பு போகாது. குடியிருப்பில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி பொருத்தியிருந்தால், அந்த நீரில் கால்சியத்துக்குப் பதிலாகச் சோடியம் ஏறியிருக்கும். செடிக்கு அது இன்னும் மோசம். ஆர்.ஓ. கழிவுநீரைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

நர்சரியிலிருந்து வந்த மண்கலவையையும் சற்றுச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. சரியாகக் கழுவப்படாத தென்னை நார்க்கழிவிலேயே உப்பு இருப்பதால், தொட்டி மாற்றும்போது அதை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேருங்கள்.

ஏசியின் குளிர்காற்று நேராக இலைமேல் படாத, நேரடி வெயில் விழாத சன்னலோரம் இதற்கு ஏற்றது. இலைமேல் நீர் தெளிப்பதால் கிடைக்கும் ஈரப்பதம் சில நிமிடங்களுக்குமேல் நிற்பதில்லை. இலையின் அடிப்புறத்தில் மெல்லிய வலை தென்பட்டால் அது சிலந்திப்பேன், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

கருகிய ஓரம் மீண்டும் பச்சையாகாது. உறுத்தினால் இலையின் வடிவத்தை ஒட்டிக் கத்தரித்துவிடலாம். உரமும் உப்புதான் என்பதால், அடுத்து வரும் குருத்து ஓரம் கருகாமல் விரிந்த பிறகு, பொட்டலத்தில் குறித்துள்ள அளவில் பாதியை மாதம் ஒருமுறை கொடுத்தால் போதும்.