டிஏபி இல்லாமல் சம்பா அடியுரம் போடலாமா?

கடையில் டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட் உரம்) இல்லை என்கிறார்கள், பதுக்குகிறார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். அது இல்லாமலும் போடலாம், டிஏபிக்காக நடவைத் தள்ளிப்போடாதீர்கள். 50 கிலோ டிஏபி மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 9 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 23 கிலோ. மூன்று மூட்டை சூப்பர் பாஸ்பேட்டும் 20 கிலோ யூரியாவும் அதை ஈடுகட்டும். கந்தகமும் கால்சியமும் உபரி வரவு. சுமைகூலிதான் கொஞ்சம் வலிக்கும்.

நீங்கள் சொல்வதுபோல் கடைக்காரர் பதுக்கியும் இருக்கலாம். ஆனால் டிஏபியில் பெரும்பகுதி இறக்குமதி. சீனா ஏற்றுமதியை இறுக்கினால் இங்கே மூட்டை வருவது குறைந்துவிடும். அதற்காக, வேண்டாத நானோ திரவ உர பாட்டிலைத் தலையில் கட்டினால் வாங்கிவிடாதீர்கள். ரசீது கேளுங்கள்.

வாங்கும் முன் மண்வள அட்டையைப் பாருங்கள். மணிச்சத்து மிகுதி என்றிருந்தால் மூன்று மூட்டை முழுவதும் தேவைப்படாது.

சூப்பரைக் கடைசி உழவிலேயே போட்டுவிடுங்கள். யூரியாவோடு முன்கூட்டியே கலந்து வைத்தால் நீர்த்துக் கட்டியாகிவிடும்.