மண்டிக்கு உள்ளேயா, வெளியேயா? தில்லிப் போராட்டம் பற்றிச் சில கேள்விகள், பதில்கள்

ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் (அரசு மேற்பார்வையில் விளைபொருள் விற்கும் இடங்கள்; வடக்கே மண்டி என்பார்கள்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மத்திய அரசின் மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020-21இல் தில்லி எல்லையில் நடந்த விவசாயிகள் போராட்டத்தை வைத்து, "விளைபொருள் விற்பனையைச் சந்தையிடமே விட்டுவிடலாமா, அரசு பிடித்துக்கொள்ள வேண்டுமா" என்று நண்பர்கள் பலர் கேட்டிருந்தார்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று படிக்கும்போதே தெரிந்துவிடும்.

கேள்வி (கரூர், கல்லூரி மாணவர்): சார், அந்த மூன்று சட்டங்களில் அப்படி என்னதான் இருந்தது?

2020 ஜூன் 5 அன்று அவசரச் சட்டங்களாக வந்து, செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியவை. முதலாவது, மண்டி வளாகத்துக்கு வெளியே பான் அட்டை வைத்திருக்கும் யாரும் விளைபொருள் வாங்கலாம், அதற்கு மாநில அரசு கட்டணம் வசூலிக்கக் கூடாது என்றது. இரண்டாவது ஒப்பந்தச் சாகுபடி பற்றியது. மூன்றாவது, வியாபாரி எவ்வளவு இருப்பு வைக்கலாம் என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. காய்கறி, பழம் விலை இரட்டிப்பானாலோ, தானியம் பருப்பு விலை ஒன்றரை மடங்கானாலோதான் அரசு உச்சவரம்பு போட முடியும்.

கேள்வி (சென்னை, கணக்காளர்): ஒரு இடத்தில் மட்டும் விற்கலாம் என்பதை எங்கும் விற்கலாம் என்று மாற்றினால் விவசாயிக்கு லாபம்தானே? இதற்குப் போய் ஏன் குளிரில் உட்கார்ந்தார்கள்?

ஏட்டளவில் நீங்கள் சொல்வது சரி. வாங்குபவர்கள் கூடினால் விலை கூடும். ஆனால் பஞ்சாபில் அப்போது நிலைமை என்ன என்று பாருங்கள். மண்டியில் கோதுமை வாங்கினால் சந்தைக் கட்டணம் 3 சதவீதம், ஊரக வளர்ச்சிக் கட்டணம் 3 சதவீதம், கமிஷன் இரண்டரை சதவீதம். ஆக மொத்தம் எட்டரை. மண்டியின் கேட்டுக்கு வெளியே நின்று வாங்கினால் பூஜ்யம். வியாபாரி எங்கே நிற்பார்? முதல் ஒன்றிரண்டு வருடம் வெளியே பத்து ரூபாய் கூடவே கொடுப்பார். உள்ளே வரத்து குறையும், வருமானம் குறையும், அந்தக் கட்டணத்தில் போட்ட இணைப்புச் சாலைகளைப் பராமரிக்கக் காசு இருக்காது. மண்டி ஓய்ந்துபோன பிறகு வெளியே என்ன விலை கிடைக்கும் என்பதுதான் விவசாயிகளின் கேள்வி.

போட்டி வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் ஒரே கட்டணம் இருக்க வேண்டும். 2020 டிசம்பரில் மத்திய அரசே "வெளியேயும் மாநிலங்கள் கட்டணம் போடலாம், வியாபாரிகளைப் பதிவு செய்யலாம்" என்று திருத்தத்துக்கு இறங்கிவந்தது. அதை ஜூன் மாதமே எழுதியிருந்தால் பாதி சண்டை வந்திருக்காது என்பது என் எண்ணம். அதற்குள் நம்பிக்கை போய்விட்டது.

கேள்வி (மதுரை, வணிகர்): அண்ணே, வெளிப்படையாகச் சொல்லுங்கள். இது விவசாயி பெயரில் தரகர்கள் நடத்திய போராட்டம்தானே?

ஆர்த்தியா என்று அங்கே சொல்லும் கமிஷன் ஏஜென்டுகளுக்கு இதில் பங்கு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவர் வெறும் தரகர் இல்லை. டிராக்டரில் வந்த நெல்லைக் கொட்டுவது அவர் களத்தில். தூற்றிச் சுத்தம் செய்ய ஆள், சாக்கு, எடை, அரசு கொள்முதல் ஆய்வாளருக்காகக் காத்திருப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மகள் கல்யாணத்துக்கு ராத்திரி பத்து மணிக்கு ஒரு லட்சம் வேண்டும் என்றால் எந்த வங்கி மேலாளர் கதவைத் திறப்பார்? இவர் திறப்பார். வட்டியும் வாங்குவார், அறுவடைப் பணத்தில் கழித்தும் கொள்வார். சுரண்டல் உண்டா? நிச்சயம் உண்டு. 2021 ஏப்ரலில் கோதுமைப் பணத்தை விவசாயியின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போடும் முறை பஞ்சாபுக்கும் வந்தது. அது நல்ல சீர்திருத்தம், அதற்காக மூன்று சட்டம் தேவைப்படவில்லை.

கேள்வி (திருச்சி): பீகாரில் மண்டிச் சட்டமே கிடையாதாமே?

2006இல் ரத்து செய்தார்கள். தனியார் முதலீடு கொட்டும், புதிய சந்தைகள் வரும் என்றார்கள். பெரிதாக எதுவும் வரவில்லை. அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கும் கீழே நெல்லை வாங்கி, லாரியில் பஞ்சாபுக்குக் கொண்டுபோய் அங்கே மண்டியில் ஆதரவு விலைக்குத் தள்ளிய வியாபாரிகள் பற்றிச் செய்திகள் வந்தன. ஆனால் கேரளத்தில் அப்படி ஒரு சட்டம் இருந்ததே இல்லை, அங்கே யாரும் அதைக் குறையாகச் சொல்வதுமில்லை. மிளகும் ரப்பரும் ஏலக்காயும் விளையும் ஊர் வேறு, நெல் விளையும் ஊர் வேறு.

கேள்வி (கோவை, சிறுதொழில் முனைவோர்): நான் சுதந்திரச் சந்தை ஆதரவாளன். விவசாயிகள் தெருவுக்கு வந்தாலே மானியம், கொள்முதல், தள்ளுபடி என்று அரசின் மடியில் போய் உட்காரத்தான் கேட்கிறார்கள். தவறா?

பாதி தவறு. நம் நாட்டில் சந்தையைத் திறந்துவிடச் சொல்லியே சாலையில் உட்கார்ந்த விவசாயிகள் உண்டு. மகாராஷ்டிரத்தின் சரத் ஜோஷியைப் படித்துப் பாருங்கள். 1980இல் புணே பக்கம் சாக்கணில் வெங்காய விலைக்காக மறியல் நடத்தியவர். அரசு ஏற்றுமதியைத் தடுத்து, நகரத்துக்காரனுக்காக விலையை அமுக்குகிறது, கையை எடுத்தாலே போதும் என்பது அவர் வாதம். 1990களின் தொடக்கத்தில் உலக வணிக ஒப்பந்தத்துக்கான டங்கல் வரைவு வந்தபோது அவர் ஆதரித்தார், கர்நாடகத்தின் நஞ்சுண்டசாமி எதிர்த்தார். இருவருமே அசல் விவசாயத் தலைவர்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவில் இருந்து சட்டங்களை ஆதரித்த அனில் கன்வட், ஜோஷி தொடங்கிய ஷேத்கரி சங்கடனா என்ற விவசாயிகள் அமைப்பைச் சேர்ந்தவர்தான். உங்கள் கோவைக்கே வருவோம்: 1970களில் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு மாட்டு வண்டிகளை நகருக்குள் கொண்டுவந்து நிறுத்தியது மின்கட்டணத்துக்காக. அங்கே விற்பவரே அரசு.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். 2020 செப்டம்பர் நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 14ஆம் தேதி மத்திய அரசு வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அடுத்த நாளே இருப்புக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் மசோதா மக்களவையில் நிறைவேறியது. அக்டோபர் 23 அன்று வெங்காயத்துக்கு மறுபடியும் இருப்பு வரம்பு: மொத்த வியாபாரிக்கு 25 டன், சில்லறைக்கு 2 டன். விலை இறங்கும்போது "சந்தை பார்த்துக்கொள்ளும்", ஏறும்போது "அரசு பார்த்துக்கொள்ளும்" என்றால் விவசாயிக்கு இரண்டு பக்கமும் அடி. 2022 மே மாதம் உலகச் சந்தையில் கோதுமை விலை ஏறியபோதும் இதே கதைதான், ஏற்றுமதித் தடை. உங்களைப் போன்ற சந்தை ஆதரவாளர்கள் போராட்டம் நடந்த தில்லியின் சிங்கு எல்லைக்கு எதிராகப் பேசிய அளவில் பத்தில் ஒரு பங்கை இந்தத் தடைகளுக்கு எதிராகப் பேசியிருந்தால், உங்கள் வாதம் அந்த டிராக்டர்களுக்கு நடுவே எடுபட்டிருக்கும்.

கேள்வி (உடுமலை): ஒப்பந்தச் சாகுபடி என்றால் நிலம் போய்விடும் என்று பயமுறுத்தினார்களே?

நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ ஒப்பந்தத்தில் இடமில்லை என்று சட்டத்திலேயே இருந்தது. அந்தப் பயம் மிகை. உங்கள் பக்கத்துப் பல்லடத்துக் கறிக்கோழிப் பண்ணைகளைப் பாருங்கள், ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்று தெரியும். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகை, கரண்ட், உழைப்பு உங்களுடையது. கிலோவுக்கு வளர்ப்புக் கூலி. கறி விலை விழுந்தாலும் கூலி வரும் என்பது நிம்மதி. ஆனால் குஞ்சு சோடையாக வந்து எடை ஏறாவிட்டால் யார் தலையில் விடியும்? அங்கேதான் சண்டை. அந்தச் சண்டையை எங்கே தீர்ப்பது? சட்டம் சிவில் நீதிமன்றத்தை மூடிவிட்டு, சப்-கலெக்டர் மட்டத்து அதிகாரியிடம் போகச் சொன்னது. ஒரு பக்கம் கம்பெனியின் வக்கீல், மறுபக்கம் ஐந்து ஏக்கர்க்காரர். எனக்கு இந்தப் பிரிவுதான் மூன்று சட்டங்களிலும் மோசமானது. தமிழ்நாடு 2019லேயே தனி ஒப்பந்தச் சாகுபடிச் சட்டம் கொண்டுவந்துவிட்டது, அது வேறு கதை.

கேள்வி (திருவாரூர், விவசாயி): ஐயா, டெல்டாவில் ஏன் பஞ்சாப் மாதிரி கொந்தளிக்கவில்லை?

நமக்குப் பறிபோக அவ்வளவு இல்லை. இங்கே விற்பனைக் கூடக் கட்டணமே 1 சதவீதம்தான். களத்து மேட்டிலேயே வியாபாரிக்குப் போட்டுவிடுபவர்கள் ஏராளம். தடையும் அவ்வளவாக இல்லை, பாதுகாப்பும் அவ்வளவாக இல்லை.

இருந்தாலும் கூடத்துக்கு ஒரு மரியாதை உண்டு. மறைமுக ஏலம் பார்த்திருப்பீர்கள். பருத்தியோ மஞ்சளோ குவியலுக்குக் குவியல் எண் போட்டிருக்கும். வியாபாரிகள் கையில் அள்ளிப் பார்த்து, ஆளுக்கொரு சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவார்கள். பெட்டியைத் திறந்து உச்ச விலையை அறிவிப்போம். பிடிக்கவில்லை என்றால் விவசாயி தர மறுக்கலாம். கூடத்துக்குள் ஒருவர்கூட விற்காத நாளிலும், "நேற்று கூடத்தில் இந்த விலை போச்சு" என்று வெளியே பேரம் பேசுவார்கள். மண்டி செத்தால் போவது அந்த விலைதான்.

நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் இருக்கிறது. அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதற்காகச் சாலையில் நெல்லைக் காயப்போட்டு மழையில் நனைந்த கதையை உங்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. இந்திய உணவுக் கழகம் 1965இல் தொடங்கியபோது முதல் மாவட்ட அலுவலகம் திறந்ததே தஞ்சாவூரில்தான். அரசியலும் ஒரு காரணம். அன்றைய அதிமுக ஆட்சி சட்டங்களை ஆதரித்தது. ஆட்சி மாறியபின் 2021 ஆகஸ்ட் 28 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது.

கேள்வி (சேலம், ஆசிரியை): ஆதரவு விலையைச் சட்டமாக்கினால் பிரச்சினை தீருமா?

இதில் போராட்டக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை அம்மா. 2015இல் இந்திய உணவுக் கழகச் சீரமைப்பு பற்றி ஆராய்ந்த சாந்தகுமார் குழு, நாட்டில் சுமார் 6 சதவீத விவசாயிகள்தான் ஆதரவு விலையில் அரசு முகமைகளிடம் விற்கிறார்கள் என்றது. எல்லோருக்கும் விரிக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. ஆனால் "இந்த விலைக்குக் கீழே வாங்கினால் குற்றம்" என்றால், விலை சரிந்த வருடம் வியாபாரி வாங்காமல் ஒதுங்கிவிடுவார். ஆதரவு விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத் தொகையை அரசு தரலாம் என்று மத்தியப் பிரதேசம் 2017இல் முயன்றது. வியாபாரிகள் விலையை இன்னும் இறக்கினார்கள் என்ற புகார்தான் மிஞ்சியது. பஞ்சாபில் நெல்லுக்கு உறுதியான கொள்முதலும் இலவச மின்சாரமும் சேர்ந்து நிலத்தடி நீரை உறிஞ்சியதையும் மறக்க முடியாது. பருப்புக்கும் சிறுதானியத்துக்கும் கொள்முதலைக் கூட்டுவதே உருப்படியான வழி.

கேள்வி (பெங்களூரு): நாடாளுமன்றம் போட்ட சட்டத்தைத் தெருவில் ரத்து செய்யலாமா? சாலையை மறித்தால் மற்றவர்களுக்குக் கஷ்டமில்லையா?

கஷ்டம்தான். 2021 ஜனவரி 26 டிராக்டர் பேரணியில் சிலர் செங்கோட்டைக்குள் புகுந்த சம்பவத்தை நான் நியாயப்படுத்தவும் மாட்டேன். ஆனால் நாடாளுமன்றத்தில் நடந்ததையும் பாருங்கள். மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் வாக்குகளை எண்ணும்படி கேட்டன. கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் முடித்தார்கள். விவசாயமும் சந்தையும் மாநிலப் பட்டியலில் இருக்க, உணவுப்பொருள் வணிகம் பொதுப்பட்டியலில் இருக்கிறது என்ற வழியில் மத்திய அரசு நுழைந்தது. மசோதாக்களை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பவில்லை. 2021 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்திவைத்தது. அரசு ஒன்றரை வருடம் ஒத்திவைக்கிறேன் என்றது. விவசாயிகள் ஒப்பவில்லை. உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் போராடிய விவசாயிகள் மீது கார் ஏறியது. நவம்பர் 19 அன்று பிரதமர் வாபஸ் என்று அறிவித்தார். 29ஆம் தேதி ஒரே நாளில் இரு அவைகளிலும் விவாதமில்லாமல் ரத்து. போராட்டத்தில் எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்கிறது, அதை நடத்திய விவசாயச் சங்கங்களின் கூட்டமைப்பான சம்யுக்த கிசான் மோர்ச்சா. போட்டபோதும் பேசவில்லை, எடுத்தபோதும் பேசவில்லை.

கேள்வி (ஈரோடு): நீங்கள் சட்டம் எழுதினால்?

மண்டிக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே கட்டணம், இரண்டு சதவீதத்துக்கு மேல் போகாமல். வாங்குபவர் பதிவு செய்து வைப்புத்தொகை கட்ட வேண்டும், ஏமாற்றினால் அதிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். தகராறு என்றால் நீதிமன்றக் கதவு திறந்திருக்க வேண்டும். அப்புறம், விதைத்த பயிர் வீட்டுக்கு வரும்வரை ஏற்றுமதிக் கொள்கையில் கை வைக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதை மட்டும் எந்தக் கட்சி ஆட்சியும் ஒத்துக்கொள்ளாது. தேர்தல் நேரத்தில் வெங்காயம் கிலோ நூறைத் தொட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.